பாவம் தரை

காலை வெயில் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து, எங்கள் மொசைக் தரையில் ஐந்து கட்டங்களாக விழும். ஒன்பது மணிக்குக் கூடத்துக் கட்டிலருகே. பத்து மணிக்குக் கூடத்தின் நடுவே.

என் மகள் பூவிழி அந்தக் கட்டங்களைப் பொறுக்கப் பார்ப்பாள். தவழ்ந்து போய்க் கிள்ளுவாள். வராது. மறுபடியும் கிள்ளுவாள்.

பதின்மூன்றாம் மாதம் எழுந்து நின்றாள். ஓரெட்டு வைத்தாள். இன்னொன்று வைத்தாள். அடுத்ததில் விழுந்தாள்.

உதடு கிழிந்து கொஞ்சம் ரத்தம். கொஞ்சம்தான். நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர்கள் மாடியேறி வந்துவிட்டார்கள்.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். தரையை ஓங்கி அறைந்தேன். "யாரு எங்க பாப்பாவத் தள்ளிவிட்டது? இந்தத் தரையா? இந்தா, வாங்கிக்கோ!"

அழுகையை நிறுத்திவிட்டுத் தரையையே பார்த்தாள். எனக்கு ஒரே பெருமை.

ஐப்பசி வந்தது. மழை வந்தது. தரையில் கட்டங்கள் இல்லை.

பூவிழி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடியை விடவே இல்லை. பொம்மையைக் காட்டினோம். பிஸ்கட்டைக் காட்டினோம். என் கணவர் சேவல் மாதிரி கூவிக்கூடப் பார்த்தார். ம்ஹூம்.

ஒவ்வொரு நாளும் மழை. ஒவ்வொரு நாளும் கட்டில் கால். இவள் நடக்காமலே போய்விடுவாளோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மா முட்டியைத் தட்டிப் பார்த்தார். "காலு நல்லாத்தாம்மா இருக்கு. பிள்ள பயப்படுது. நீங்களுந்தான்." வீடு வரும்வரை அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

உண்மைதான். அவள் லேசாகச் சாய்ந்தாலே "ஐயோ" என்பேன். பாய்ந்து பிடிப்பேன். உட்கார்ந்துவிட்டால்கூடத் தரைக்கு ஓர் அறை வைப்பேன்.

கார்த்திகை பிறந்தது. ஒரு காலை, மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஈரத்தில் கால் வழுக்கியது. வாளி கவிழ, நான் தொப்பென்று உட்கார்ந்தேன். உயிர் போய் உயிர் வந்தது. "யம்மா" என்று கத்திவிட்டேன்.



பூவிழி என் முகத்தைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். கட்டில் காலை விட்டாள்.

ஓரெட்டு. இன்னோரெட்டு. என் கைகள் தாமாக நீண்டன. அவற்றை இழுத்து மடியில் அழுத்திக்கொண்டேன்.

அடுத்த எட்டு. ஈரத்தை மிதித்தாள். ஆடினாள். நின்றாள். மீண்டும் நடந்தாள்.

வந்தாள். குனிந்தாள். எனக்குப் பக்கத்தில் தரையைப் பளாரென்று அறைந்தாள்.

"ந்தா!"

இடுப்பு வலி மறந்துபோய் அழுகை வந்தது. ஆறு வாரமாக நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். தரை பொல்லாதது. தள்ளிவிடும். அந்தப் பொல்லாத தரைமேல்தான் என் பிள்ளை எனக்காக நடந்து வந்திருக்கிறாள்.

அறைந்த வேகத்தில் அவளும் பொத்தென்று உட்கார்ந்தாள். உதடு பிதுங்கியது. என் முகத்தைப் பார்த்தாள்.

நான் "ஐயோ" என்று சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துத் தரையைத் தடவிக்கொடுத்தேன். "பாவம்ட்டி தரை. நாம விழுந்தா அதுதான நம்மளத் தாங்குது."

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தானே தடவினாள்.

எங்கள் இருவருக்கும் நடுவே, ஈரத் தரையில், ஐந்து கட்டங்கள் மின்னின. ஒன்றைக் கிள்ளிப் பார்த்தாள். வரவில்லை.

கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள். அடுத்த கட்டத்துக்கு நடந்து போனாள்.