மூச்சுப் பட்ட கல்

என்ரை மனுசன் கனகரட்ணம் கூட்டிக்கொண்டு வந்த வீட்டிலை எனக்கு முந்தியே ஒருத்தி இருந்தாள்: ஒரு நிலக்கரித் துண்டு. கல்கத்தாவிலை படிக்கேக்கை சுரங்கத்தாலை எடுத்ததாம். நடுவிலை விரல் தடிப்பிலை ஒரு வெள்ளைப் பட்டி. கரியெல்லாம் சதுப்பிலை விழுந்த மரம்; அது சேர ஆயிரக்கணக்கான வருசம் எடுத்ததாம். பட்டி மட்டும் எங்கையோ எரிமலை வெடிச்சு ஒருநாளிலை கொட்டின சாம்பல். சதுப்புத் தண்ணி அதைக் கரைச்சுக் கழுவிக் களிமண்ணாக்கிப் போட்டுதாம். களிமண்தானெண்டு எனக்குக் காட்ட, வாயைக் கிட்டக் கொண்டுபோய் மூச்சு விடுவார். மழை பெய்த நிலம் மாதிரி மணக்கும். சோறு ஆறினாலும் மனுசனுக்கு உந்த விளையாட்டுத்தான்.

தொண்ணூற்றிமூண்டு தை மாசம் கொழும்புக்கெண்டு கிளாலியிலை வள்ளம் ஏறினார். நேவிக்காரங்கள் வள்ளத்துக்குச் சுட்டாங்களாம். சில பேரின்ரை உடல் வந்தது, அவர் வரேல்லை. அவரின்ரை அண்ணை கிருபைரட்ணம் நினைவு ஆராதனை வைப்பமெண்டார். உயிரோடை இருக்கிற மனுசனுக்கு என்னத்துக்கு ஆராதனையெண்டு எரிஞ்சு விழுந்தன்.

ஆடி மாசம், ஒரு துளி மழையில்லை. பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சுப் போட்டு வந்து பூட்டைத் திறந்தால் வீடெல்லாம் மண் மணக்குது. மேசையிலை கல்லு. பட்டியிலை மூச்சு ஈரம் அப்பதான் காயுது. அடுத்தடுத்த நாளும் அப்பிடித்தான். நான் பயப்பிடேல்லை. அவர் வந்து போறாரெண்ட சந்தோசத்திலை கல்லுக்குப் பக்கத்திலை தேத்தண்ணியும் வைச்சன்.

அண்ணைக்குச் சொன்னன்.

"ஐரிஸ், பூட்டின வீட்டுக்குள்ளை உயிரோடை இருக்கிறவன் எப்பிடியம்மா வருவான்?"

வாறது அவரெண்டால், அவர் செத்துப் போனார். இது ஏன் எனக்கு முதலே விளங்கேல்லை?

அடுத்த நாளும் மண் மணந்துது. அழுகையும் கோவமும் ஒண்டாய் வந்தது.

"இஞ்சாருங்கோ, இப்பிடி வாறதெண்டால் வராதேங்கோ."

கல்லைத் தூக்கி அடுப்பிலை வைச்சன். கரி எரிஞ்சுது. பட்டி எரியேல்லை, ஓடு மாதிரி வெடிச்சு உதிர்ந்துது. ஆறவிட்டு ஒரு துண்டை எடுத்து மூச்சு விட்டுப் பாத்தன். புகைதான் மணந்துது.

அதுக்குப் பிறகு வீட்டிலை ஒரு மணமும் இல்லை. இப்ப வாறேல்லையெண்டால் அவர் உயிரோடை இருக்கிறார், ஆராதனை வேண்டாமெண்டு அண்ணைக்குச் சொல்லிப் போட்டன். பின்னேரத்திலை அந்தப் பூட்டைத் திறக்கத்தான் எனக்கு ஏலாமல் கிடக்கு.