கை எட்டாத இடத்துப் புண்

அண்ணன் பஸ் டிரைவர். முப்பது வருடமாக உட்கார்ந்தே பிழைத்தவருக்கு உட்காரும் இடத்திலேயே வந்து சேர்ந்தது சனியன். வால் எலும்புக்கு மேலே, இரண்டு பக்கச் சதையும் சேரும் பிளவில் முடி உள்ளே வளர்ந்து சீழ் கட்டிவிட்டது. டாக்டர் வெட்டி எடுத்துவிட்டு, தையல் போடாமல் திறந்தே விட்டுவிட்டார். அடியிலிருந்து சதை வளர்ந்து குழி தானாகத் தூர வேண்டுமாம். அதுவரை தினமும் உப்புத் தண்ணீரில் கழுவி, நனைத்த கட்டுத் துணியை உள்ளே வைக்க வேண்டும்.

அண்ணி போய் ஆறு வருடமாகிறது. மகளிடம் காட்ட முடியுமா? என் மனைவியிடம் பேச்சே எடுக்க முடியாது. கண்ணாடியில் தெரியும், கை எட்டாது. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டுக் கதவைத் தாழிட்டார்.

"சிரிச்சே, தொலைச்சுடுவேன்," என்றார், குப்புறப் படுத்துக்கொண்டு.

"சின்ன வயசுல நீ எனக்குக் கழுவி விட்டிருக்கேண்ணே. இப்ப என் முறை."

அவர்தான் முதலில் சிரித்தார்.

நான் சோபா தைக்கிறவன். பஞ்சு அடைப்பதில் என் கைக்கு ஒரு பேர் உண்டு. மூலையில் விரல் நுழையக் கூடாது. நுழைந்தால் ஆறு மாதத்தில் பள்ளம் விழும். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸம்மா "லூஸா வைங்க" என்று சொன்னது காதில் விழத்தான் செய்தது. அரைகுறை வேலைக்காரர்கள் எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்தேன். திமிர், வேறென்ன? பஞ்சுக் குச்சியால் மூலை மூலையாகத் தள்ளி, இடைவெளி இல்லாமல் இறுக்கி அடைத்தேன். அண்ணன் தலையணையைக் கடித்துக்கொள்வார். முதுகெல்லாம் வியர்த்துவிடும். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"மாசக் கடைசிக்குள்ள சீட்ல உட்காரணும்டா," என்பார், முடிந்ததும். "மேனேஜர் அதுவரைக்கும்தான் பொறுப்பாரு. அப்புறம் என் வண்டி வேற ஆளுக்குப் போயிடும்."

"நான் உட்கார வைக்கிறேன்ணே," என்பேன்.

நான்காவது வாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா துணியை இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. அவர் முகம் மாறியது.

"யாரு இவ்வளவு இறுக்கமா அடைச்சது? சதை வளர இடமே இல்லையே. அடியில கறுத்துப் போயிருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "நான்தாம்மா," என்றார்.

முதுகுக்குக் கீழே இருக்கும் குழியைத் தானே அடைத்ததாக ஒரு மனிதர் சொன்னால் யார் நம்புவார்கள்? நர்ஸம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். டாக்டர் வந்தார். மரத்துப்போக ஊசி போட்டு, கறுத்த சதையைச் சுரண்டி எடுத்தார். இனி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், மூன்று மாதமாவது ஆகும் என்றார். மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. வண்டி போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் வெட்கமில்லாமல் அழுதேன். "வலிக்குதுன்னு ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

"நீ வேலையில சுத்தக்காரன். உன் கை தப்பு பண்ணாதுன்னு நினைச்சேன். புண்ணுன்னா இப்படித்தான் வலிக்கும்போலன்னு இருந்துட்டேன்."

அதற்குப் பதில் செருப்பால் அடித்திருக்கலாம்.

மறுநாள், நர்ஸை வீட்டுக்கு வரச் சொல்லலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. கதவைத் தாழிட்டு, குப்புறப் படுத்து, தலையணையைப் பல்லில் கவ்விக்கொண்டார். முந்தின நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்த மாதிரியே துணியை நனைத்துப் பிழிந்தேன். நுனி அடியைத் தொடும்படி விட்டு, மிச்சத்தை மடித்து மெல்ல வைத்தேன். இன்னும் கொஞ்சம் தள்ளு என்று விரல் அரித்தது. தள்ளவில்லை. மேலே பஞ்சு வைத்து ஒட்டினேன்.

அண்ணன் தலையணையிலிருந்து வாயை எடுத்தார். "ஆரம்பிடா. எவ்வளவு நேரம் இப்படியே கிடக்கிறது?"

"முடிஞ்சிடுச்சுண்ணே."

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.