பஞ்சு படிந்த குப்பி

வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்த அறைக்குள் எப்போதும் ஒரே பருவம்தான். வெயில் குழல்விளக்கிலிருந்து வரும், குளிர் சுவரிலிருந்து வரும். அடுக்கடுக்காகக் கண்ணாடிக் குப்பிகள், உள்ளே விதைக்கு உணவான கூழ், கூழின்மேல் புழுதிபோல ஆர்கிட் விதைகள். கொஞ்ச நேரம் நின்றால் குப்பிகள் மூச்சு விடுவதுபோலவே இருக்கும்.

விதைப்பவளுக்கு அங்கே 'சுத்தம்' என்றுதான் பெயர். மேசையைத் துடைத்தபின் துடைத்த துணியையும் துடைப்பவள். கூழ் காய்ச்சுவது அவளுடைய நாத்தனார். பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கிண்டுகிற ஆள். இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம்.

இந்தமுறை விதை சாதாரணமில்லை. மருந்துக்காக அந்த ஆர்கிட்டின் கிழங்கைத் தோண்டித் தோண்டி மலையில் ஒரே ஒரு செடிதான் மிஞ்சியிருந்தது. அதுவும் மண்சரிவில் போய்விட்டது. அதற்கு முன்பே வனக்காவலர் பறித்துவந்த ஒற்றைக் காய், பன்னிரண்டு குப்பிகளில் தூங்கியது.

விதைத்த ஏழாவது வாரம் பதினொரு குப்பிகளில் வெள்ளையாகப் பஞ்சு படிந்தது. பூஞ்சை என்றாள் சுத்தம். பூஞ்சை வந்த குப்பியைத் திறக்காமல் குக்கரில் வேகவைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றதும் போச்சு. வேகவைத்தாள். அன்று சாப்பாட்டு மேசையில் வீட்டார் எல்லோர் முன்னாலும், பாடுகிற வாயோடு கிண்டினால் இப்படித்தான் ஆகும் என்று நாத்தனாரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். நாத்தனார் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள். அதன்பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

மறுவாரம் பன்னிரண்டாவதிலும் பஞ்சு. குக்கர்வரை கொண்டுபோனவளுக்கு மனசு கேட்கவில்லை. இதுதானே கடைசி. மூடியோடு லென்ஸின் கீழ் சாய்த்து ஒருமுறை பார்த்தாள்.

உள்ளே வேறொரு உலகம் விரிந்தது. கடுகைவிடச் சிறிய பச்சை மணிகள் வெளிச்சத்தில் மிதந்தன. ஒவ்வொரு மணியின் அடியிலிருந்தும், கைக்குழந்தையின் தோளில் இருக்கும் பூனைமுடிபோல, வெள்ளை ரோமம் கூழைத் தேடி இறங்கியது. எவ்வளவு நேரம் அதிலேயே கிடந்தாளோ, நாத்தனார் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. அவளும் குனிந்து பார்த்தாள்.

"அண்ணி, பூஞ்சை இப்படி மணிக்கு மணி ஒழுங்கா முளைக்குமா?"

"முளைக்காது. இது முளைவிட்ட விதையோட வேர்முடி."

சுத்தம் குக்கரைத் திரும்பிப் பார்த்தாள். உயிரோடிருந்த பதினொன்றைத் தன் கையாலேயே வேகவைத்திருக்கிறாள்.

"உன் கூழ்ல ஒரு குறையும் இல்ல. பதினொண்ணையும் நான்தான் கொன்னேன். இன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

நாத்தனார் குப்பியை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கினாள்.

"அதை அப்புறம் சொல்லலாம் அண்ணி. இதுங்களுக்குச் சீக்கிரம் புதுக் கூழ் வேணுமே. யார் காய்ச்சறது?"

"நீதான் காய்ச்சணும்," என்றாள் சுத்தம்.