கொய்யாக் கிளையில் மூன்று குஞ்சுகள்

மதிவதனி வேலை பார்க்கும் பட்டறையில் நாள் முழுக்கப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளின் பிசிறைத் தேய்க்க வேண்டும். மூக்கிலும் தொண்டையிலும் வெள்ளைத் தூசி. வீடு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு தோட்டத்துப் படியில் உட்கார்ந்துவிடுவாள். தோட்டம் என்று சொல்ல ஒரு கொய்யா, ஒரு முருங்கை, மதிலோரம் அடர்ந்த நந்தியாவட்டை. அந்தச் செடிக்குள் ஒரு சோடி கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. மூன்று குஞ்சுகள். தாய் புழுவோடு வந்தால் மூன்று சிவந்த வாய்களும் ஒன்றாகப் பிளக்கும். மதிவதனி கிட்டே போகமாட்டாள். படியிலிருந்து பார்ப்பதோடு சரி.

அவள் கணவன் கார்முகில் இதைத் தன் சிநேகிதர் அறிவழகனிடம் சொல்லிவிட்டான். பறவைப் படங்களுக்காகத் திட்டக்குடிப் பக்கம் பேர் வாங்கியவர். "பறவைன்னா அவருக்கு உசுரு" என்றான். ஞாயிற்றுக்கிழமை காலையில் முழங்கை நீள லென்ஸோடு வந்து இறங்கினார். மதிவதனிக்கும் சந்தோஷம்தான். டீ போட உள்ளே போனாள்.

டீயோடு திரும்பியவள் படியிலேயே நின்றாள். செடியின் முன்பக்கக் கிளைகள் வெட்டப்பட்டுத் தரையில் கிடந்தன. கூடு காலி. கொய்யாக் கிளையில் மூன்று குஞ்சுகளும் வரிசையாக இருந்தன. ஒன்று தலைகீழாகத் தொங்கியும் விழவில்லை. கீழே ஒரு பசை ட்யூப். தாய்க்குருவி மதில்மேல் அலறிக்கொண்டிருந்தது.

"பசை போட்டா ஒட்டுனீங்க?"

"கொஞ்சூண்டுதாம்மா. கூட்டுக்குள்ள வெளிச்சம் பத்தல." அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அம்மா வந்து ஊட்டட்டும், படம் எப்படி வருதுன்னு பாருங்க."

அவள் டீயை மண்ணில் கொட்டினாள்.

"கேமராவ எடுத்துக்கிட்டு வெளிய போங்க."

"மதி, வூட்டுக்கு வந்தவருகிட்ட இப்படியா பேசுவாங்க?" என்றான் அவர் பக்கத்தில் நின்ற கார்முகில்.

அவள் அடுக்களைக்குப் போய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு காலாக விடுவித்தாள். ஒரு குஞ்சின் தோல் பசையோடு உரிந்து வந்தது. மூன்றையும் கூட்டில் வைத்து, வெட்டிய கிளைகளைச் சேர்த்துக் கட்டி மறைத்தாள். மறுநாள் மாலை அவள் வந்தபோது இலைகள் வாடிச் சுருண்டு கூடு வெட்டவெளியாகத் தெரிந்தது. உள்ளே ஒன்றுமில்லை. மதிலில் ஒரு காக்கை அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

அடுத்த வாரம் சாப்பிட உட்கார்ந்த கார்முகில் போனை நீட்டினான். "பாரு, நம்ம வூட்டுக் குருவி. எத்தினி பேரு லைக் போட்டிருக்காங்க!" குஞ்சுகள் மூன்றும் வாய் பிளந்திருந்தன. மேலே 'அம்மா வருவாள்' என்று எழுதியிருந்தது.

"அதுங்க செத்துப்போச்சுன்னு தெரியுமில்ல?"

"தெரியும். அதுக்கென்ன இப்ப? படம் நல்லாத்தான இருக்குது." சிரித்தான். "பசை காயற வரைக்கும் நாந்தான் ஒவ்வொண்ணா புடிச்சிக்கிட்டிருந்தேன், தெரியுமா?"

அவள் கையிலிருந்த கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டாள்.

"நீங்களே போட்டுக்குங்க."

எழுந்து தோட்டத்துப் பக்கம் போனாள். அந்த விரல்கள் சோறு பிசைவதைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை.