சும்மா பிடிச்சிட்டு நில்லுமா

ரயில் பெட்டிகளுக்குக் கதவு செய்யும் கம்பெனியில் வினிதா அப்ரண்டீஸாகச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு கதவைக்கூட அவள் மாட்டவில்லை.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவள். கீழ்க்கட்டளையில் பஸ் பிடித்து, பல்லாவரத்தில் ரயில் ஏறி, சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, கம்பெனி வேனைப் பிடிக்க ஓடுவாள். அப்படி ஓடி வந்து செய்கிற வேலை, வெட்டி வரும் அலுமினியத் தகடுகளின் ஓரத்தில் அரம் போட்டுப் பிசிறு எடுப்பது. அது தீர்ந்தால் தரை பெருக்குவது. அதுவும் தீர்ந்தால் சூப்பர்வைசர் ஐசக் சாரின் லேப்டாப்பில் எக்ஸெல் அடிப்பது. "பொண்ணுங்க அடிச்சாதான் நீட்டா இருக்கும்மா" என்பார் அவர். அவளோடு அதே நாளில் சேர்ந்த கார்த்தி போன மாதமே கதவு மாட்டுகிற லைனுக்குப் போய்விட்டான்.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. "எம் பொண்ணு ரயில்வேல கீறா" என்று அம்மா சந்திரிகா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். எதிர்வீட்டு அருள்மேரி அக்கா நாகர்கோவிலுக்கு தட்கல் டிக்கெட் கேட்டு வந்து நின்றாள்.

"அக்கா, அது பிரைவேட் கம்பெனி. நாங்க கதவுதான் பண்றோம்."

"கதவு பண்றவங்களுக்கு ஒரு சீட்டு தரமாட்டாங்களா?"

வினிதா உள்ளே போய் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள்.

அந்த வியாழக்கிழமை கம்பெனிக்கு வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் வந்திருந்தார்கள். பிசிறு எடுத்துக்கொண்டிருந்த வினிதாவிடம் எச்.ஆர். சின்மயி புது ஹெல்மெட்டோடு வந்தாள்.

"உங்களைத்தான் தேடினேன். டெக்னிக்கல் வேலையில பெண்கள்னு வெப்சைட்ல ஒரு பக்கம் போடறோம். லைன்ல நின்னு ஒரே ஒரு ஃபோட்டோ."

"நான் லைன்லயே இல்லையே மேடம்?"

"ஃபோட்டோவுக்குத்தானே!"

லைனில் கிட்டத்தட்ட முடிந்த ஒரு கதவின் பக்கத்தில் அவளை நிறுத்தினார்கள். ஐசக் சார் டார்க் ரெஞ்சை எடுத்து அவள் கையில் கொடுத்தார். போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்குகிற, நீளக் கைப்பிடி வைத்த ஸ்பேனர். ஐ.டி.ஐ.யில் அது கண்ணாடி பீரோவுக்குள் பூட்டியே இருந்தது.

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா பிடிச்சிட்டு நில்லுமா."

ஃபோட்டோகிராபருக்குத் திருப்தி இல்லை. "கை லூசா கீது மேடம். நல்லா அழுத்துங்க, நிஜமா வேலை செய்றாப்ல இருக்கணும்."

வினிதா அழுத்தினாள். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது.

"ஆங், சூப்பர்! இன்னும் கொஞ்சம்!"

நாலு மாத எரிச்சலும் அவள் தோளில் இறங்கியது. பலங்கொண்ட மட்டும் அழுத்தினாள். போல்ட்டின் தலை முறிந்து தரையில் விழுந்து, வந்திருந்தவர்களின் ஷூ வரைக்கும் உருண்டு போனது.

ஐசக் சாருக்கு முகம் சிவந்தது. "டக்குனு சத்தம் வந்தா நிறுத்தணும்னு தெரியாதா உனக்கு?"

"எப்படி சார் தெரியும்? யார் சொல்லிக் குடுத்தீங்க? அரத்தையும் துடைப்பத்தையும் தவிர இத்தனை மாசத்துல என் கையில எதைக் குடுத்தீங்க? இன்னிக்குக் குடுத்தீங்க, அதுவும் போஸ் குடுக்க!"

நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. வந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வினிதா ரெஞ்சைக் கீழே வைத்தாள். நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ? ஃபோட்டோகிராபர் மட்டும் கேமராவைப் பார்த்து, "படம் நல்லா வந்துகீது" என்றான்.

லைன் ஆபரேட்டர் குமரேசன் வந்து குனிந்து பார்த்தார். முறிந்த மீதி உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. "இன்னிக்கு லோடுல போவ வேண்டிய கதவு இது. பேஜாராப் போச்சே."

"நான் எடுக்கறேண்ணா. உடைஞ்ச போல்ட் எடுக்கறது ஐ.டி.ஐ.யில செஞ்சிருக்கேன்."

குமரேசன் ஐசக் சாரைப் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் முடியாதென்று சொல்ல அவரால் இயலவில்லை. "செய்யட்டும். நீ பக்கத்துல இரு" என்று குமரேசனிடம் சொல்லிவிட்டு விருந்தாளிகளை வேறு பக்கம் அழைத்துப் போனார்.

வினிதா உடைந்த போல்ட்டின் நடுவில் புள்ளி குத்தி டிரில் வைத்தாள். முதல் பிட் ஒடிந்தது. "என் டீ டைமும் போச்சு" என்று குமரேசன் முனகினார். இரண்டாவது பிட்டை மெதுவாக இறக்கினாள். ஓட்டை விழுந்ததும், போல்ட் எடுக்கிற கருவியை உள்ளே செருகி எதிர்ப்பக்கமாகத் திருகினாள். வழுக்கியது. மறுபடி செருகித் திருகினாள். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. கடைசியில் அந்தத் துண்டு கொஞ்சங்கொஞ்சமாகச் சுற்றி வெளியே வந்தது. குமரேசன் துளைக்குள் திருகு மரை கெடாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, புது போல்ட்டை அவளிடமே நீட்டினார். இந்த முறை 'டக்' வந்ததும் கையை எடுத்தாள்.

மறுநாள் காலை அவள் அரத்தை எடுக்கப் போனபோது ஐசக் சார் கூப்பிட்டார்.

"லைனுக்குப் போ. தெரியலன்னா கேளு. கத்தாத."

சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இதை ஒரு போல்ட்டை உடைப்பதற்கு முன்பே சொல்லியிருக்கலாமே! "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

சாயங்காலத்துக்குள் ஒரு கதவை முழுசாக மாட்டி முடித்தாள். குமரேசன் அதை இழுத்து மூடினார். கீழ் மூலையில் கறக் என்று உரசியது.

"கயட்டிட்டு திரும்ப மாட்டு."

"முழுசாவா அண்ணா?"

"பின்ன, பாதியாவா?"

வேன் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. வினிதா பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். மேல் போல்ட்டிலிருந்து கழற்ற ஆரம்பித்தாள்.