இருநூறு மில்லிமீட்டர்

காலை எட்டரைக்குத் தோத்தாத்ரி மழைமானியின் புனலைக் கழற்றினார். மழை பெய்து பதினோரு நாளாகிறது. பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை. நாளைக்குக் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். பதிவேட்டில் 0.0 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கீழே தாம்பரத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

மலை என்று பெயர்தான். மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும். ஆனாலும் ஓர் ஆராய்ச்சி நிலையம் அதன் தலையில் உட்கார்ந்து மழையை அளந்துகொண்டிருந்தது. அளப்பது என்றால் தோத்தாத்ரி அளப்பது. இருபத்திரண்டு வருஷமாக ஒருநாள் தவறாமல், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல். அந்தப் பதிவேட்டின் மேல் அவருக்கு இருந்த கர்வத்தை அவர் மனைவி ப்ரியாவாலேயே சகிக்க முடியாது.

மழைமானியில் புனலுக்கு அடியில் பாட்டில், பாட்டிலைச் சுற்றி ஒரு டப்பா. பாட்டில் இருநூறு மில்லிமீட்டரில் நிரம்பிவிடும். அதற்கு மேல் பெய்தால் வழிந்து டப்பாவில் நிற்கும்; அதையும் அளந்து கூட்ட வேண்டும். அவர் காலத்தில் அப்படிப் பெய்தது ஒரே ஒருநாள், இரண்டு வருஷத்துக்கு முந்தைய டிசம்பர் புயலில். மற்ற நாளெல்லாம் வெறும் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டித் தூசி போக்கி வைப்பது வழக்கம். அன்று பாட்டிலை அளந்து முடிக்கும்போது ப்ரியா போன் செய்தாள். கீழ் வீட்டில் தண்ணீர் ஜன்னல் வரை வந்துவிட்டது, நூர் பீவி கதவைத் திறக்கவில்லை என்று அழுதாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவர் கேட்டுக்கொண்டிருக்க, கை தன் பாட்டுக்கு டப்பாவைக் கவிழ்த்தது. தண்ணீர் சளாரென்று காலில் கொட்டியும் உறைக்கவில்லை. 200.0 என்று எழுதிவிட்டு ஓடினார். பாதிப் படியில்தான் உறைத்தது. அன்று திரும்பிப் போக முடியாது, சரி. மறுநாளாவது பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுதியிருக்கலாம். எழுதவிடாமல் தடுத்தது கர்வம்தான், வேறொன்றும் இல்லை.

அவர் போய்ச் சேர்வதற்குள் நூர் பீவியின் உயிர் போய்விட்டிருந்தது. அவள் கணவர் பக்கீர் முகமது மார்க்கெட்டில் தையல் கடை வைத்திருப்பவர். கடைக்குள் மாட்டிக்கொண்டு, அடுத்த நாள்தான் வீட்டுக்கு வர முடிந்தது. பெருங்களத்தூர்ப் பக்கம் அடுக்குமாடி கட்டியவன் மழைநீர்க் கால்வாயை மறித்துச் சுவர் எழுப்பியதால்தான் தண்ணீர் தெருவுக்குள் திரும்பியது என்று தெருக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். யாராலும் தாங்க முடியாத மழை, நாங்கள் என்ன செய்ய என்றான் அவன். கால்வாய் ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது வரை தாங்கும்; அதைத் தாண்டினால் பழி மழை மேல். பதிவேடு இருநூறு என்கிறது. தெருவே அந்த எண்ணைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

0.0 என்று எழுதிய அன்று சாயங்காலம் கீழே இறங்கிப் போய்ப் பக்கீரிடம் எல்லாவற்றையும் சொன்னார். பக்கீர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"டப்பால எவ்ளோ இருந்திருக்கும் சார்?"

"தெரியல பாய். அளக்காம கொட்டிட்டேன். பாதிக்கு மேல இருக்கும். மொத்தம் இருநூத்தம்பதத் தாண்டியிருக்கும்."

பக்கீர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். பிறகு எழுந்து உள்ளறைச் சுவரைக் காட்டினார். பெயிண்ட் அடிக்காமல் விட்டிருந்த இடத்தில் பழுப்பாக ஒரு கோடு.

"டேப் வெச்சி அளந்துகீறேன் சார். அம்பத்தஞ்சு இஞ்ச். இத்த எந்தக் கோர்ட்லயும் கேக்கல. உன் பாட்டில் கணக்க மட்டும்தான் கேக்கறாங்க."

இருபது வருஷப் பழக்கத்தில் அவர் 'உன்' என்றது அதுதான் முதல் தடவை. தோத்தாத்ரிக்கு அது சுருக்கென்று தைத்தது. தைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் கட்டியவனின் வக்கீல் விவரம் தெரிந்தவராக இருந்தார். பாட்டிலின் கொள்ளளவும் இருநூறு, பெய்த மழையும் சரியாக இருநூறா என்று சிரித்தபடி கேட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, டப்பாவில் தண்ணீர் இருந்ததா என்றார். தோத்தாத்ரி பக்கீரைப் பார்த்தார். பக்கீர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். காஞ்சிருந்தது."

டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. ஊரே முங்கிய அன்று தாம்பரம் முழுக்கக் காய்ந்து கிடந்த ஒரே பாத்திரம் தோத்தாத்ரியின் டப்பாதான் என்று பதிவாகிவிட்டது. வழக்கைத் தள்ளி வைத்தார்கள். திரும்பும்போது பக்கீர் தன் வண்டியின் பின்னால் அவரை ஏற்றிக்கொண்டார். நன்றி சொல்லிவிடுவாரோ என்று தோத்தாத்ரி வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தார்.

அடுத்த நாள் விடியற்காலையில் லேசாகத் தூறியது. எட்டரைக்கு மலையேறி பாட்டிலை அளந்தார்; நாலு மில்லிமீட்டர். டப்பாவைத் தூக்கினார். கவிழ்க்கவில்லை. முழங்கை வரை உள்ளே விட்டு அடியையும் ஓரத்தையும் தடவித் தடவிப் பார்த்தார். கையை வெளியே எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. மறுபடி உள்ளே விட்டார்.