அலறாத அறை

வீட்டில் எனக்குத் தபால்காரி என்று பெயர். வைத்தது அண்ணன். ஒரு மருந்துக் கம்பெனியின் மெயில் சர்வரைக் கட்டிக் காக்கிறவள் நான்; அதே கம்பெனியின் கிடங்கில் குளிர் அறைக்குப் பொறுப்பாளன் அவன். "நாலு பேருக்கு லெட்டர் போறதுக்கு ஒரு ரூம், ரெண்டு ஏசி, அதுக்குக் காவலா ஒரு தங்கச்சி" என்பான். மெயில் வயிறு மாதிரி; வலித்தால்தான் அது இருப்பதே பிறருக்குத் தெரியும். வலிக்காமல் வைத்திருப்பவளை யார் விசாரிக்கப் போகிறார்கள்? விசாரிக்காவிட்டாலும் என் பெருமைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

அதிலும் இந்த முறை நான் செய்தது லேசுப்பட்ட வேலை அல்ல. பழைய சர்வருக்கு வயதாகிவிட்டது. கம்பெனியின் மொத்த மெயிலையும் ஒன்றுகூடச் சிந்தாமல் புதியதற்கு மாற்றினேன். திங்கட்கிழமை காலை எல்லோரும் வந்து உட்கார்ந்து, வழக்கம்போல ஒருவர்மேல் ஒருவர் புகார் சொல்லி மெயில் போட்டார்கள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உள்ளுக்குள் குதித்தேன்.

"அதான் மாத்தியாச்சே, பழசை அழிச்சுத் தூக்கிப் போட்டுடலாமே?" என்றார் மேனேஜர்.

"முடியாது சார். ஒரு வாரம் அலறல் பாக்கணும்."

எங்கள் தொழிலில் அப்படியொரு வழக்கம் உண்டு. பழைய சர்வரை ஒழிப்பதற்கு முன் அதன் கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டுக் காத்திருப்போம். இன்னமும் அதையே நம்பிக்கொண்டிருக்கும் ஆள் எங்காவது இருந்தால், மெயில் போகவில்லை என்று அலறிக்கொண்டு வருவார். மேனேஜர் முகத்தைச் சுளித்தார். நான் பிடித்த பிடியை விடவில்லை.

வாரம் முழுக்க யாரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் கேன்டீனில் அண்ணனுக்கு எதிரே தட்டோடு உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தேன்.

"ஒருத்தர்கூட அலறலண்ணே! சாயங்காலம் பழசை அழிச்சுட வேண்டியதுதான்."

"பெரிய சாதனைதான் போ. என் ரூமும்தான் இந்த வாரம் வாயே திறக்கல."

"ரூம் எங்க வாய் திறக்கும்?"

"லோடு இறக்கறப்போ கதவு கொஞ்ச நேரம் திறந்திருந்தாப் போதும். சூடு ஏறுது, சூடு ஏறுதுன்னு என் போனுக்கு மெயில் மேல மெயில் போட்டு உயிரை வாங்கும். இந்த வாரம் சத்தமே இல்ல. நான் போட்ட போடுல பசங்க திருந்திட்டானுங்க."

எடுத்த சோறு என் கையிலேயே நின்றுவிட்டது. குளிர் அறைச் சுவரில் ஓர் எச்சரிக்கைப் பெட்டி இருக்கிறது. எந்தக் காலத்திலோ அதை மாட்டியவர் பழைய சர்வரின் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளையின் வாயை நானே கட்டிவிட்டேன்.

"அண்ணே, உள்ள இப்ப எத்தனை டிகிரி?"

"போன்ல ஒண்ணும் வரலியே..."

"போனை விடு! கதவுல பாத்தியா?"

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். கைகூடக் கழுவாமல் ஓடினோம்.

கதவுக்கு மேலிருந்த சின்னத் திரையில் ஏழரை. எட்டைத் தாண்டிவிட்டால் உள்ளே இருக்கும் இன்சுலின் அத்தனையும் போச்சு, அண்ணனின் வேலையும் போச்சு. இரண்டு கம்ப்ரசரில் ஒன்று நின்றுபோயிருந்தது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடி, பிடுங்கிய கேபிளைத் திரும்பச் செருகினேன்.

நான் இறங்கி வருவதற்குள் மெக்கானிக் வந்துவிட்டார். அண்ணனின் சட்டைப்பையில் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டி ஒரு வாரமாக விழுங்கி வைத்திருந்த அலறல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்காமல் திரையையே பார்த்து நின்றான். கம்ப்ரசர் ஒரு உறுமு உறுமி ஓடத் தொடங்கியது. ஏழரை மெல்ல ஏழானது. பிறகு ஆறு. அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ரிப்போர்ட்ல கம்ப்ரசர் ரிப்பேர்னு மட்டும் எழுதுங்க. கேபிள் கதை எதுக்கு?" என்றார் மேனேஜர், நல்ல எண்ணத்தோடுதான்.

நான் கேட்கவில்லை. கம்பெனி மொத்தத்துக்கும் மெயில் போட்டேன். கேபிளைப் பிடுங்கியது நான். அலறி வருகிறவர்களுக்குக் காத்திருந்தேனே தவிர, அலற வழியில்லாதவர்களைத் தேடிப் போகவில்லை. இனி மெயில் அனுப்பும் ஒவ்வொரு பெட்டியையும் நேரில் பார்த்த பிறகே எந்தச் சர்வரும் நிறுத்தப்படும். குளிர் அறைப் பொறுப்பாளர்மேல் தவறில்லை. கீழே என் பெயர். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் திங்கட்கிழமையே அழித்திருந்தால் திரும்பச் செருக ஒரு சர்வரே இருந்திருக்காது. பிடிவாதக்காரி என்று பெயர் வாங்கியதற்கு அன்றுதான் முழுதாகப் பெருமைப்பட்டேன்.

மறுநாள் பெட்டியில் புதிய சர்வரின் முகவரியைக் கொடுத்தேன். சோதித்துப் பார்க்க வேண்டும். பெட்டியின் வெப்பச் சென்சார் கதவோரம் இருப்பதால் உள்தட்டு மருந்துக்கு ஆபத்தில்லை. "திறண்ணே" என்றேன். கதவு திறந்தது. குளிர் காலைத் தொட்டது. லோடு இறக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. 'வெப்பநிலை உயர்கிறது. கதவை மூடவும்.'

அண்ணன் அதை இரண்டு முறை படித்தான். பிறகு கையை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினான்.

"பாத்தீங்களாடா? என் தங்கச்சியோட மெயிலு!"

"அது பெட்டி அனுப்பினதுண்ணே."

"நீ சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஒவ்வொருவரிடமாகப் போய்ப் போனை நீட்டினான். அது இன்னொரு முறை அடித்தது. மறுபடியும் அடித்தது. கடைசியில் நானே அலறினேன்:

"அண்ணே, முதல்ல கதவ மூடு!"